வியாழக்கிழமையின் இரண்டு பாடவேளைகள்

சத்தம்தான் முதலில் வந்தது. மஞ்சள் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வகுப்பு முழுவதும் ஒரே குரலாகச் சொல்லிக்கொண்டிருந்தது: "எனது ஊர் திருகோணமலை. இது இயற்கைத் துறைமுகம் அமைந்த எழில்மிகு ஊராகும்." 'ஆகும்' வரும் இடத்தில் குரல் மேலே ஏறி, ஒரு கணம் அந்தரத்தில் நின்று, அடுத்த வாக்கியத்துக்குள் தொப்பென்று விழுந்தது.

என் தொண்டை தானாக அசைந்தது. தூத்துக்குடியில் நாங்களும் இதே மெட்டில்தான் கத்தினோம். எங்கள் ஊர் தூத்துக்குடி, இது முத்து நகரம் என்று அழைக்கப்படும் சிறப்புமிக்க ஊராகும். வகுப்பில் ஒருவரும் முத்தைக் கண்ணால் கண்டதில்லை. உப்பைப் பார்த்திருந்தோம். பாதத்து வெடிப்பில் எரிகிற உப்பு, அப்பாவின் சட்டைக் காலரில் வெள்ளையாகக் காய்ந்த உப்பு. கட்டுரையில் உப்பு வராது.

கடல் தாண்டி வந்தும் அதே மெட்டு. மகிழ்ச்சியா எரிச்சலா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இந்தப் பயணம் முழுக்க எனக்கு எதையும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதல் குழப்பம், நான் உட்கார்ந்திருந்தது தவறான பள்ளிக்கூடம்.

ஓட்டோக்காரரிடம் துறைமுகத்துப் பக்கம் இருக்கிற பள்ளிக்கூடம் என்றுதான் சொன்னேன். "எந்தப் பள்ளிக்கூடம்?" என்றார். "கடலுக்கு எதிரில்." "இஞ்ச எல்லாமே கடலுக்கு எதிர்தான் அக்கா." சந்தை முன்னால் ஒரு புள்ளிமான் வீதி நடுவில் நின்று முட்டைக்கோஸ் இலையை மென்றுகொண்டிருந்தது. ஓட்டோ நின்றது, பின்னால் பஸ் நின்றது. எங்கள் ஊரில் மாடு நிற்கிற இடத்தில் இங்கே மான். ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. மான் மென்று முடித்து நகர்ந்ததும், ஓட்டோக்காரர் தமக்குப் பிடித்த ஒரு பள்ளிக்கூடத்தில் என்னை இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

வாசலில் கால் வைத்ததும் ஓர் ஆசிரியை ஓடி வந்தார். கதிரை என்று ஒரு நாற்காலி வந்தது. அதன்மேல் வெள்ளைத் துவாய் விரிந்தது. சோடா வந்தது, மூடி திறந்து, ஸ்ட்ரோ போட்டு. பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் எழுந்து நின்று கட்டுரையைத் தொடங்கினார்கள். யாரோ பெரிய இடத்து அதிகாரி வந்திருக்கிறார் என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது, என்னைத் தவிர.

"பர்ஸானா டீச்சர் இருக்காங்களா?" என்றேன்.

"அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்லையே."

"அப்போ நான் தப்பான இடத்துக்கு வந்துட்டேன்."

"அதுக்கென்ன, சோடாவைக் குடியுங்கோ. வந்தனீங்கள், குடிக்காமல் போகேலாது."

குடித்தேன்.

என்னை வரச் சொன்னவர் சுகந்தி. முனைவர் பட்டத்துக்காகத் தூத்துக்குடியில் தங்கியிருந்த காலத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தவர். இப்போது கிழக்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் கல்வியியல் கற்பிக்கிறார், வீடு இதே ஊரில், ஓர்ஸ் ஹில்லில். அவருடைய துறையும் துறைமுகத்தைச் சுற்றியுள்ள சில பள்ளிக்கூடங்களும் கைகோத்து ஒரு வேலை நடத்துகின்றன. ஆசிரியர்கள் தங்கள் வகுப்பைத் தாங்களே ஆராய்வது. ஒன்றை மாற்றிப் பார்ப்பது, என்ன ஆகிறது என்று கவனிப்பது, அதைக் கொண்டு திரும்பவும் மாற்றுவது. செயல்நிலை ஆய்வு என்கிறார்கள். பல்கலைக்கழகத்துக்காரர்கள் தொடக்கத்தில் ஒருமுறையும் முடிவில் ஒருமுறையும் வந்து பிள்ளைகளை எழுதவைத்துப் புள்ளி, அதாவது மதிப்பெண், போடுவார்கள். ஒவ்வோர் ஆய்வுக்கும் வெளியிலிருந்து ஒரு 'விமர்சன நண்பர்' வேண்டுமாம். அன்பு குறையாமல் இடக்கான கேள்வி கேட்கிற ஆள். பர்ஸானா டீச்சரின் ஆய்வுக்கு அந்த ஆள் நான்.

"உங்களுக்குக் கல்வியியல் ஒண்டும் தெரியாது அக்கா, அதாலதான் உங்களைக் கேக்கிறன்," என்று தொலைபேசியில் சொன்னார். அது பாராட்டா என்று யோசித்துக்கொண்டே கிளம்பி வந்துவிட்டேன்.

சரியான பள்ளிக்கூடம் அதே வீதியில் இரண்டு திருப்பம் தள்ளி இருந்தது. வாசலில் தலைமையாசிரியரான அதிபரும் பர்ஸானா டீச்சரும் காத்து நின்றார்கள். அதிபர், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, எதற்கும் அவசரப்படாத முகம். "வாங்க மேடம், பிந்திட்டீங்க. களைச்சிரிப்பீங்க." மறுபடியும் கதிரை, துவாய், சோடா. இரண்டாவது சோடாவையும் குடித்தேன். இந்த ஊரின் முதல் பாடத்தை ஏற்கெனவே கற்றிருந்தேன்.

அன்று வியாழக்கிழமை. வியாழன்தோறும் கடைசி இரண்டு பாடவேளைகள் பர்ஸானாவின் நாலாம் வகுப்புக்கு அவருடைய ஆய்வுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தன. அந்த நேரத்தில் மனப்பாடம் கிடையாது. கண்டதை, வீட்டில் பேசுகிற மாதிரியே எழுதலாம். எழுத்துப்பிழை பிறகு, மெல்ல.

ஜன்னலுக்கு வெளியே உள்துறைமுகம். எங்கள் துறைமுகம் கல்லைக் கொட்டிக் கொட்டி மனிதன் கட்டியது. எது கடல், எது கரை என்று சந்தேகம் வராது. இங்கே தண்ணீருக்கு அந்தப் பக்கம் மலை, மலைக்கு அந்தப் பக்கம் மறுபடி தண்ணீர். எந்தத் திசையில் கடல் திறக்கிறது என்று கடைசி வரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்டவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் கை காட்டினார்கள்.

ஒரு சிறுமி எழுந்து வாசித்தாள். "எங்கட வாப்பா மீனுக்குப் போனா உம்மா கதவப் பூட்டமாட்டா. காத்து வந்து தட்டினா நாங்க எல்லாரும் எழும்புவம். காத்து எண்டு தெரிஞ்சாலும் எழும்புவம்."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷமாக உரைநடையில் கவிதை எழுதுகிறேன் என்று சொல்லிக்கொள்கிறவள், பின்வரிசை வாங்குப் பெஞ்சில் கால்களை மடக்கிக்கொண்டு அந்த மூன்று வாக்கியத்தையும் அப்படியே எழுதிக்கொண்டேன்.

அடுத்தது ஒரு பையன். "எங்கட பூனை நேவிக் கேம்புக்குள்ள போயிட்டுது. நாங்க அங்க போக ஏலா. பூனைக்கு ஏலும்."

"டீச்சர், அது எங்கட பூனை!" என்று இன்னொருத்தி கத்தினாள்.

"உங்கட பூனை கறுப்பு."

"கறுப்புதான் போனது! நீ பார்த்தியா?"

"சரி, ரெண்டு பேரும் எழுதுங்க," என்றார் பர்ஸானா. "பூனை யாருட எண்டு எழுத்தில சண்டை பிடிங்க. வாயால வேணாம்." வகுப்பு சிரித்தது. சண்டைக்காரர்கள் குனிந்து எழுதத் தொடங்கினார்கள்.

மாலையில் ஓர்ஸ் ஹில் வீட்டில் சுகந்தி மடிக்கணினியைத் திறந்து ஒரு வரைபடம் காட்டினார். இரண்டு தூண்கள். முதலாவது, பர்ஸானா தொடங்குமுன் பிள்ளைகள் எழுதியதற்கு. உயரமாக நின்றது. இரண்டாவது, இத்தனை வியாழக்கிழமைகளுக்குப் பிறகு எழுதியதற்கு. முதலாவதன் இடுப்புக்குக்கூட வரவில்லை.

"மற்றப் பள்ளிக்கூடங்களில எல்லாம் ஏறியிருக்கு," என்றார். "இங்க மட்டும் இறங்கியிருக்கு. எனக்கு விளங்கேல்ல அக்கா. பர்ஸானா டீச்சர் உயிரை விட்டுப் படிப்பிக்கிறா."

"புள்ளி எப்படிப் போட்டீங்க?"

"தொடக்கம், முடிவு, மரபுத்தொடர், எழுத்துப்பிழை. வழமையான முறைதான்."

சனிக்கிழமை கூட்டம். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வருகிறார். ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் பரீட்சை. அதற்கு இந்த இரண்டு பாடவேளைகளையும் பயிற்சி வினாத்தாள்களுக்கு எடுத்துக்கொள்ள அவர் ஏற்கெனவே கேட்டிருக்கிறார். இந்தத் தூண்களைப் பார்த்தால் போதும்.

"அப்ப வியாழக்கிழமை போயிடும்," என்றார் சுகந்தி. இடியப்பத்தின்மேல் சொதியை ஊற்றியவர் ஊற்றிக்கொண்டே இருந்தார். தட்டு குளமானது.

மறுநாள் வெள்ளி. பள்ளிக்கூடம் ஜும்மாத் தொழுகைக்காக நேரத்தோடு விட்டுவிட்டது. பர்ஸானாவின் வீடு கிண்ணியாவில். "சாப்பிடாமப் போனா உம்மா என்ன வீட்டுக்குள்ள விடமாட்டா," என்று என்னைப் பஸ்ஸில் ஏற்றினார்.

பஸ் பாலத்தை நெருங்கும்போது பின்னாலிருந்து ஒரு மீன் கூடை சரிந்து, சூரை மீன்கள் நடைபாதையில் வழுக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தன. ஒரு மீன் என் செருப்பைத் தொட்டு நின்றது. கூடைக்காரர் கூட்டத்துக்குள் குனிந்து வர, நடத்துனர் அவரை அண்ணன் முறையில் கூப்பிட்டார்: "காக்கா, மீனுக்கு டிக்கெட் எடுத்தீங்களா? முன்சீட்டுக்கு வந்திட்டுது." பஸ் முழுக்கச் சிரித்தது. ஆளுக்கொரு மீனை வாலில் பிடித்துப் பின்னுக்குக் கடத்தினார்கள். நானும் கடத்தினேன். பாலத்தின் இரு பக்கமும் தண்ணீர் வெயிலில் கொதித்தது. இது கடலா, காயலா, ஆறா? பர்ஸானாவைக் கேட்டேன். "மூணும்தான்," என்றார்.

வீட்டில் தங்கை "ராத்தா" என்று கூவிக்கொண்டு வந்து பர்ஸானாவின் பையை வாங்கினாள். அக்காவை அப்படித்தான் அழைப்பார்களாம். பாய் விரித்து, ஆணம் என்கிற மீன் குழம்பு, இறால் பொரியல், கோழி, கத்தரிக்காய்ப் பால்கறி, பிறகு சட்டியோடு எருமைத்தயிர். வீட்டில் இருப்பது மூன்று பெண்கள். நான்கு விதமான பூப்போட்ட பீங்கான் தட்டுகள் இருந்தன, அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து வந்தவை என்று அடுத்த வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "எங்கட பீங்கான் உடையாம இரிக்கா?" என்று கேட்டபோது தெரிந்தது.

தயிரில் வெல்லப்பாகு போன்ற பாணியை ஊற்றிக் கொடுத்துவிட்டு பர்ஸானா சொன்னார்.

"அக்கா, உங்களுக்கிட்ட ஒண்டு சொல்லணும். அந்த முதல் கட்டுரை இரிக்கே, அது புள்ளைகள் எழுதினதில்ல."

"பிறகு யார் எழுதினது?"

"நாங்கதான். பல்கலைக்கழகத்தால வாறம், 'எனது ஊர்' எண்டு எழுதச் சொல்லுவம் எண்டு முன்னமே அறிவிச்சாங்க. மரியாதைக்கு அறிவிக்கிறதுதானே. அதிபர் சேர் சொன்னார், முதல் தடவ வாறாங்க, வெறுங்கையோட அனுப்பப்படாது எண்டு. திங்கள்ல இரிந்து வெள்ளி மட்டும், கிழம முழுக்க வச்சுப் பழக்கினம். எல்லாருக்கும் ஒண்டு எண்டா அசிங்கமா இரிக்கும் எண்டு, ஒவ்வொரு வாங்குக்கும் ஒவ்வொரு கட்டுரை. நான் பாதி எழுதினன், மத்த டீச்சர்மார் மீதி."

தயிர்க் கரண்டியைக் கீழே வைத்தேன். "தொடக்கத்தில் பிள்ளைகள் எப்படி இருந்தார்கள் என்று பார்ப்பதற்குத்தானே அந்தப் பரீட்சை?"

"அது பிறகுதான் விளங்கினது. அப்ப நாங்க அத இன்ஸ்பெக்சன் எண்டு நினைச்சம்."

"இரண்டாவது முறை வந்தபோது?"

"இரண்டாவதுக்கும் பழக்கச் சொல்லித்தான் சேர் சொன்னார். நான் பழக்கல்ல. காத்துக் கதவத் தட்டின கதை எழுதின புள்ளைக்கிட்ட, அத விடு, 'எழில்மிகு' எண்டு எழுது எண்டு எப்பிடிச் சொல்ற?"

அவருடைய உம்மா அடுக்களை வாசலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "இதில என்ன பிழை? வீட்டுக்கு ஆள் வரக்குள்ள கூட்டிப் பெருக்காம, குப்பையக் காட்டிக்கிட்டா இரிப்பாங்க?"

"உம்மா, அவங்க குப்பையப் பார்க்கத்தான் வந்தாங்க."

"அப்பிடி வாற ஆக்களுக்கு நான் ஆணம் காய்ச்சமாட்டன்," என்று உம்மா உள்ளே போனார்.

சுகந்தியிடம் சொல்லிவிடலாமே என்றேன். பர்ஸானா தயிர்ச்சட்டியின் விளிம்பை விரலால் வழித்துக்கொண்டிருந்தார். "வியாழக்கிழமை எனக்குத் தந்ததே சேர்தான். மத்த டீச்சர்மார் எல்லாம் சண்டை. அவர்தான் நிண்டு தந்தார். இப்ப நான் போய், எங்கட அதிபர் பொய்க் கட்டுரை எழுதவச்சார் எண்டு மைக்கில சொல்றதா? சொல்லாட்டி, டீச்சர் புள்ளைகளக் கெடுத்திட்டா எண்டு வியாழக்கிழமையப் பறிச்சிருவாங்க. நீங்க சொல்லுங்க அக்கா, நான் என்ன செய்ய?"

விமர்சன நண்பர் செய்தது ஒன்றுதான். இன்னும் கொஞ்சம் தயிர் வாங்கிக்கொண்டேன்.

"நீங்க சுகந்தி மிஸ்ஸுக்கிட்டச் சொல்லிப்போடாதீங்க," என்றார். சொல்ல மாட்டேன் என்றேன். சொன்ன உடனேயே, நான் யாருடைய நண்பர் என்று குழம்பினேன்.

பின்னேரம் அதே பஸ்ஸில் திரும்பி ஓர்ஸ் ஹில்லுக்குப் போனோம். சுகந்தி எல்லா ஆசிரியர்களையும் வீட்டுக்கு அழைத்திருந்தார். முன்னறை நாற்காலிகள் சுவரோரம் ஒதுங்கியிருந்தன. நடுவில் மேசையை மேடையாக வைத்து, ஒவ்வோர் ஆசிரியராக எழுந்து நாளைக்குப் பேச வேண்டியதைப் பேசிக்காட்டினார்கள்.

"இந்த இடத்தில கொஞ்சம் சிரியுங்கோ," என்றார் சுகந்தி ஒருவரிடம். இன்னொருவரிடம், "'முயன்று பார்த்தனான்' எண்டு சொல்லாதேங்கோ. 'நடைமுறைப்படுத்தினேன்' எண்டு சொல்லுங்கோ. அதிகாரி வாறார்." பிறகு என் பக்கம் திரும்பினார். "அக்கா, மூண்டாவது ஆள் பேசி முடிய நீங்கள் எழும்பி, மாணவர் பங்கேற்பு எப்பிடி எண்டு கேளுங்கோ. அவ பதில் வச்சிருக்கிறா."

பர்ஸானா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இன்னும் ஒரு கணம் பார்த்திருந்தால் இருவருமே சிரித்திருப்போம், அல்லது நான் அழுதிருப்பேன்.

பர்ஸானாவின் முறை வந்தது. அவர் வரைபடத்தைக் காட்டி, பிள்ளைகளின் அடைவு குறைந்திருக்கிறது என்று எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் வாசித்தார்.

"காரணம் ஒண்டு வேணும் டீச்சர்," என்றார் சுகந்தி மெதுவாக. "பிள்ளைகளின் வரவு குறைவு எண்டு போடுவமா?"

"புள்ளைகள் வந்தாங்களே மிஸ். வியாழக்கிழமை எண்டா காய்ச்சலோடயும் வந்தாங்க."

சுகந்தி எழுதுகோலைக் கீழே வைத்தார். "உங்களைக் கடைசியா வச்சிருக்கிறன். சாப்பாட்டு நேரம் நெருங்கியிருக்கும். ஆரும் கனக்கக் கேக்கமாட்டினம்."

அது கருணை. நாளைக்கு ஒரு பெண்ணைப் பசியின் மறைவில் ஒளித்துவைப்பதற்கான ஏற்பாடு. இதைவிட நல்லதாக எனக்கும் ஒன்று தோன்றவில்லை.

சனிக்கிழமை, மண்டபத்தில் மின்விசிறிகள் காற்றை அரைத்துக்கொண்டிருந்தன. முன்வரிசையில் அதிகாரி. அவர் பக்கத்தில் பள்ளிக்கூட அதிபர்கள், பர்ஸானாவின் அதிபரும். ஒவ்வொரு வரைபடமாக ஏறியது, கைதட்டல் ஏறியது. மூன்றாவது ஆள் முடித்ததும் எழுந்து என் கேள்வியைக் கேட்டேன். பதில் பிசகாமல் வந்தது. சுகந்தி எனக்கு ஒரு சிறு தலையசைப்பு தந்தார்.

கடைசியில் பர்ஸானா. உயரத் தூண், குட்டைத் தூண். அதிகாரிக்குப் பசிக்கவில்லை.

"என்ன டீச்சர் இது?" என்றார். "நல்லாத்தானே எழுதியிருக்கினம் முதல். இருந்ததையும் கெடுத்துப் போட்டீங்களே."

பர்ஸானா வாயைத் திறந்தார். முன்வரிசையில் அதிபர் நிமிர்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார், யாரோ தன் பிள்ளையைத் திட்டுவதைக் கேட்கிற முகத்தோடு. பர்ஸானா வாயை மூடினார். பிறகு, "ஓம் சேர், குறைஞ்சிரிக்கி," என்றார்.

"அப்ப அந்த ரெண்டு பாடவேளையையும் பயிற்சிக்கு எடுக்கிறதுதான் சரி. பெற்றோரும் கேக்கினம்."

அப்போது அதிபர் எழுந்தார். அவசரமில்லாமல் ஒலிவாங்கியை வாங்கினார். தம் ஆசிரியைக்காகப் பேச எழுந்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

"சேர், எங்கட பாடசாலைக்கு அக்கறை இல்ல எண்டு மட்டும் நினைச்சிராதீங்க. இந்தக் கூட்டு வேலைக்கு நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். பல்கலைக்கழகத்தால முதல் தடவ வாறாங்க எண்டதும், ஒரு கிழம முழுக்க மத்தப் பாடமெல்லாம் நிப்பாட்டி, அந்தக் கட்டுரையப் புள்ளைகளுக்குப் பழக்கினம். வாங்குக்கு ஒரு கட்டுரை. இந்த டீச்சர் வீட்டுக்கும் போகாம இரிந்து எழுதிக் குடுத்தா. வாற ஆக்கள் மனம் நொந்து போகப்படாது எண்டு. அப்பிடிப்பட்ட டீச்சர நீங்க ஏசலாமா?"

பெருமையோடு நின்றார். மண்டபத்தில் விசிறிச் சத்தம் மட்டும். சுகந்தியின் கை வாயருகில் போய் அங்கேயே நின்றது.

அந்த அமைதியை இன்னோர் அதிபர் தவறாகப் புரிந்துகொண்டார். தம் பள்ளிக்கூடம் பின்தங்கிப் போகிறது என்று நினைத்திருக்க வேண்டும். எழுந்துவிட்டார். "நாங்களும் சும்மா இருக்கேல்ல சேர். பேச்சுப்போட்டிக்குப் பழக்கிற மாஸ்டரைக் கூட்டிவந்து பழக்கினனாங்கள். முதல் வரவுக்கும்தான், கடைசி வரவுக்கும்தான். கடைசிக்கு இன்னும் கூட."

"நாங்கள் மாதிரிக் கட்டுரை அச்சடிச்சே குடுத்தனாங்கள்," என்றது இன்னொரு குரல், விட்டுக்கொடுக்காமல்.

பின்வரிசையில் ஓர் ஆசிரியை முந்தானைக்குள் சிரிக்கத் தொடங்கினார். அது பக்கத்து வரிசைக்குப் பரவியது. அதிபர்களுக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. எனக்கு மெல்ல மெல்ல, கணக்கு வராத பிள்ளைக்குப் புரிவதுபோல, புரிந்தது. அந்த மண்டபத்துச் சுவரில் காலையிலிருந்து ஏறிய அத்தனை தூண்களிலும் பிள்ளைகள் தாமாக எழுதியதென்று நாங்கள் அறிந்தது ஒன்றே ஒன்று. பர்ஸானாவின் குட்டைத் தூண்.

சுகந்தி ஒலிவாங்கிக்கு வந்தார். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. "பிழை எங்கட. விருந்தாளி மாதிரி அறிவிச்சு வந்தனாங்கள், நீங்கள் விருந்தாளி மாதிரி நடத்தினீங்கள். இப்ப எங்களிட்ட ஒரு தரவும் இல்லை. கூடினது எண்டும் சொல்லேலாது, குறைஞ்சது எண்டும் சொல்லேலாது. முதலில இருந்து தொடங்குவம். இந்த முறை அறிவிக்காமல் வருவம்."

பர்ஸானாவின் அதிபர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் உண்மையான கவலை. "சொல்லாம வந்தா சாப்பாட்டுக்கு என்ன செய்யிற?"

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தீர்ப்பைச் சொன்னார். புதிய நாலாம் வகுப்புக்கு அந்த இரண்டு பாடவேளைகளும் இருக்கட்டும். இப்போதைய பிள்ளைகள் அடுத்த வருஷம் ஐந்தாம் வகுப்பு. அவர்களுக்கு ஏலாது, பரீட்சை.

"இந்தத் தவணை முடிஞ்சு லீவு விடும் வரைக்குமாவது சேர்?" என்றார் பர்ஸானா. மேடையிலிருந்து அன்று அவர் தாமாகச் சொன்ன ஒரே வாக்கியம்.

"அது வச்சிருங்கோ."

எல்லோரும் சாப்பிடப் போனோம். புரியாணியும் கத்தரிக்காய் மோஜுவும். சுகந்தி தட்டை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "எல்லாம் போச்சு அக்கா," என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு, "நேற்று நான் ஒத்திகை பார்த்தனே, நீங்கள் ஏன் ஒண்டும் சொல்லேல்ல?" என்றார். "நான் விமர்சன நண்பர்தானே," என்றேன். "அதில 'விமர்சனம்' எண்டும் ஒரு சொல் இருக்கு," என்று என் தட்டில் ஒரு கோழித்துண்டைப் போட்டார். மன்னித்தாரா, திட்டினாரா, தெரியாது.

பஸ் நிலையத்துக்குப் பர்ஸானாவோடு நடந்தேன். அதிபர் எங்களுக்கு முன்னால் போய், வழியில் கண்ட ஒருவரிடம் கூட்டம் நன்றாக நடந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய முதுகு நிமிர்ந்திருந்தது. தாம் என்ன செய்தார் என்று அவருக்குத் தெரியுமா? ஒருவேளை எல்லாம் தெரிந்தேதான் எழுந்தாரா? பர்ஸானாவைக் கேட்டேன்.

"நானும் அதத்தான் யோசிச்சிக்கிட்டு வாறன். கேக்க மாட்டன். கேட்டா ரெண்டில ஒண்டு ஆயிரும்."

"சந்தோஷமா உங்களுக்கு?"

"தெரியா." கிண்ணியா பஸ் புழுதியோடு திரும்பி வந்து நின்றது. நடத்துனர் ஊர்ப்பெயரைக் கூவத் தொடங்கினார். "வாற வருசப் புள்ளைகளுக்குக் கிடைக்கும். இந்தப் புள்ளைகளுக்கு வியாழக்கிழமை முடியப்போகுது எண்டு நான்தான் சொல்லணும். கதவத் தட்டின காத்தப் பத்தி எழுதினாளே, அவள் ஏன் டீச்சர் எண்டு கேப்பாள். பரீட்சை எண்டு சொன்னா நம்பமாட்டாள்."

"நீங்களே மேடையில் சொல்லியிருந்தால்?"

"சொல்லியிரிந்தா இவங்களுக்கும் கிடைச்சிரிக்குமோ எண்டுதான் நானும் கேக்கிறன்." என் முகத்தைத் தேடிப் பார்த்தார். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். சூடான, சுண்ணக்கட்டித் தூள் படிந்த கை.

பஸ் உறுமியது. படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். நான் அவருக்கு 'அக்கா'வாக இருந்த இந்த மூன்று நாளில் முதல் தடவையாக வேறு பெயரில் அழைத்தார்.

"ராத்தா, அடுத்த தடவ சொல்லாம வாங்க. இரிக்கிறதத் தின்னுவம்."